நர்ஸம்மாவின் சைக்கிளும் என் ஒரிஜினல் பிரேக் கட்டையும்

என் வீட்டில் ஏழு பழைய சைக்கிள்கள் இருக்கின்றன. காய்கறி வாங்க நான் ஸ்கூட்டரில்தான் போகிறேன்.

இதைக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்கள் குழுவில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் அப்படித்தான். காஞ்சிபுரத்திலும் சுற்று வட்டாரத்திலுமாகப் பழைய சைக்கிள் பைத்தியங்கள் இருபது பேர் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் காலை வணக்கமோ பூப்படமோ வராது. யாராவது ஒரு துருப்பிடித்த நட்டைப் படமெடுத்துப் போட்டு, ‘இது ஒரிஜினலா?’ என்று கேட்பார். பதினாறு பேர் பதில் சொல்வார்கள். சண்டை மூளும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போவார்கள், சாயங்காலம் டீ குடித்ததும் திரும்பச் சேர்ந்துகொள்வார்கள். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். தொழிற்சாலையை விட்டு வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஓட வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஓட்டினால் டயர் தேயும்.

எனக்குத் தொழில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி மயிலும் யானையும் செய்வேன். ஒரு மயிலின் கழுத்து வளைவுக்கு மூன்று நாள் ஆவதுண்டு. ‘நாளெல்லாம் தொட முடியாத மயிலோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, கையில் பிடிக்கக் கொஞ்சம் இரும்பு வேண்டியிருந்தது’ என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன். என் மனைவி உள்ளேயிருந்து, “சும்மா பீத்திக்காதீங்க. பாத்தா ஆசை, எடுத்தாந்து வச்சிக்கிறீங்க, அவ்ளோதான்,” என்பாள். கூடத்தில் இரண்டு, மாடிப்படிக்குக் கீழே நான்கு, படுக்கையறையில் ஒன்று. மழை நாளில் அவள் ஈரத்துணியை ஹேண்டில்பாரில்தான் உலர்த்துவாள். இந்த வீட்டில் அந்த வண்டிகள் செய்கிற ஒரே வேலை அது.

எட்டாவதாகவும் ஒன்று வந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குள் ஒரு சரக்கு ஆட்டோ நுழைந்தது. இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு உத்தியோகம். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே, என் வாசல் படியில் ஓரம் உடைந்திருப்பதைக் காட்டி, “சார், இது தடுக்கும்,” என்றார். பிறகுதான் வணக்கம் சொன்னார்.

ஆட்டோவின் பின்னால் கிடந்தது ஒரு லேடீஸ் சைக்கிள். இங்கிலாந்தில் செய்தது. சங்கிலியை முழுக்க மூடுகிற இரும்பு உறை, கம்பியால் இழுக்கிற பிரேக், பின் மட்கார்டின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வலை கட்டுவதற்கான ஓட்டைகள் அவை. படத்தில் மட்டுமே அப்படி ஒரு வண்டியைப் பார்த்திருந்தேன். 

“எங்க அம்மா வண்டி சார். அம்மா மாகறல் பக்கம் கிராம நர்ஸா இருந்தாங்க. ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரம்மா குடுத்தது. ரிட்டயர் ஆவற வரைக்கும் இதுலதான் ஊர் ஊரா சுத்துவாங்க. இத்தினி வருஷமா மொட்டை மாடியில கெடந்துச்சு. இப்ப திடீர்னு ரிப்பேர் பண்ணிக் குடு, ஓட்டணும்ன்றாங்க. எழுபத்தோரு வயசு சார்.”

“சரி?”

“நீங்களே வச்சுக்கோங்க. ஒரே ஒரு கண்டிஷன். அம்மா வந்து கேட்டாங்கன்னா, பார்ட்ஸ் கெடைக்கலன்னு சொல்லிக்கினே இருங்க. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க.”

பெற்ற தாயிடம் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சங்கிலி உறையில் எங்கேயும் ஒட்டுப் போடவில்லையே என்றுதான் தோன்றியது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவர் கணக்குப்படி மறந்திருக்க வேண்டிய அம்மா, மறுநாள் காலையிலேயே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒல்லியான, குட்டையான உருவம். இறுக்கி முடிந்த வெள்ளைக் கொண்டை. தோளில் ஒரு பை. தடுப்பூசி போட வந்தவர் மாதிரி நேராக வீட்டுக்குள் நுழைந்து, என் மனைவியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, “ரத்தம் கம்மியா இருக்குதுமா, கீரை சாப்புடு,” என்றார். என் தொப்பையைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்று முதல் எங்களுக்கு அவர் நர்ஸம்மா.

“எப்ப குடுப்ப தம்பி?”

“பார்ட்ஸ் கெடைக்கணும் நர்ஸம்மா.”

“இன்னா பார்ட்ஸ்? டயரு, டியூபு, பிரேக் கட்டை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் கடையில சரம் சரமா தொங்குது.”

“அதெல்லாம் டூப்ளிகேட்டு.”

“ஏம்பா, டூப்ளிகேட்டு டயரு உருளாதா?”



என் மனைவி காபி கொடுத்துவிட்டு, “இதுல எங்க போவணும் நர்ஸம்மா?” என்று கேட்டாள்.

“எங்கயும் இல்லமா. எங்க வேணா.” காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “கோயிலுக்குப் போவணும்னா மருமவ ஸ்கூட்டர் எடுக்கணும். கீரை வாங்கணும்னா பேரன் ஒழிவா இருக்கானான்னு பாக்கணும். இப்ப இங்க வந்தேனே, மருமவ ஆட்டோவுல ஏத்திவிட்டு, டிரைவர்கிட்ட அட்ரஸ் சொல்லி, போய்ச் சேந்தேனான்னு போன் வேற பண்ணும். பார்சல் அனுப்பற மாதிரி. நல்ல பொண்ணுதான், கொற சொல்லல. ஆனா முப்பது வருஷம் எந்த ஊருக்கு எப்ப போறதுன்னு நானே முடிவு பண்ணிக்கினு இருந்தவமா நானு. இப்ப ஒரு கட்டு கீரைக்கு மூணு பேரைக் கேக்கறேன். யாரையும் கேக்காம வாசப்படி தாண்டணும். அவ்ளோதான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சங்கிலி உறையைத் துடைத்தேன்.

அடுத்த ஐந்து மாதம் அந்த வண்டியை ஓட வைப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை எடுத்தேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தேன். சக்கர அச்சுக்குள் உருளுகிற பால்ரஸ் குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெயில் போட்டேன். மட்கார்டின் ஓட்டைகளை எண்ணி, ஒவ்வொரு ஓட்டையிலும் முறுக்கு நூலைக் கோத்துப் புடவை வலை கட்டினேன். அந்த நூல் கறுப்பா, கரும்பச்சையா என்று குழுவில் எட்டு நாள் வாக்குவாதம் நடந்தது. நர்ஸம்மாவைக் கேட்டிருக்கலாம், முப்பது வருஷம் ஓட்டியவர். யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, “என் வண்டியில வலையே கெடையாதே. கெளம்பறப்ப புடவையத் தூக்கிச் சொருவிக்குவேன்,” என்றார். அதைக் குழுவில் போடாமல் மறைத்துவிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றேன். பெடல் ரப்பர், சீட்டின் ஸ்பிரிங், மணியின் மேல்மூடி. ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் விசேஷம். ஒரிஜினல் பாகம் உண்மையாகவே கிடைக்கவில்லை. மகன் கேட்டதும் நடந்தது, என் மனசாட்சியும் உறுத்தாமல் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

கடைசியாக மிஞ்சியது பிரேக் கட்டை. சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற, விரலளவு ரப்பர்த் துண்டுகள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கார பாய் என்னைவிட இளையவர், கடை மட்டும் அவருடைய தாத்தா காலத்தது. எனக்காகப் பரண் மேல் ஏறி, தூசி தட்டி, பிரிக்காத ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே நான்கு சிவப்பு ரப்பர்க் கட்டைகள். மேலே இங்கிலாந்துக் கம்பெனியின் எழுத்து. நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன்.

“சார், இது எங்க தாத்தா வாங்கிப் போட்ட சரக்கு. ரப்பர் செத்துப்போச்சு. ஷோவுக்கு வச்சுக்கோங்க. ஓட்டறதுக்கு இந்தக் கறுப்பு ரப்பர் மாட்டிக்கோங்க.”

“ஓட்டப் போறதில்ல பாய்.”

“ஓட்டாத வண்டிக்கு பிரேக்கா! மாஷா அல்லா,” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மாட்டினேன். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. வெறும் சக்கரம் நின்றதோடு சோதனை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். மேலே ஆள் உட்கார்ந்தாலும் நிற்குமா என்று தெரிய வேண்டுமானால் நான் ஏறி உட்கார வேண்டும். என் எடைக்கு அந்தப் பழைய தோல் சீட்டு கிழிந்துவிடுமே என்று பயம். இந்தத் தப்பைச் சாதாரண சைக்கிள் கடைப் பையன்கூடச் செய்ய மாட்டான். எங்கள் குழுவில் இருபது பேரில் யார் வேண்டுமானாலும் செய்வோம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளி மைதானத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி இருந்தது. பார்வைக்கு மட்டும் வைக்கப் போகிறேன் என்று மகனிடம் போனில் சொன்னேன். “அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம் சார்,” என்றார். தெரியவிடக் கூடாது என்று என் மனைவியிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அன்றைக்கே நர்ஸம்மாவுக்குப் போன் செய்து வண்டி தயார் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியை வெளியே கொண்டுவந்து, வெயில் படும் இடத்தில் நிறுத்தி, நான்கு கோணத்தில் படம் எடுத்தேன். துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அந்த மணியை என் வீட்டில் யாரும் அடித்ததில்லை. ஓடிவந்து பார்த்தால், நர்ஸம்மா சீட்டின் மேல் இருக்கிறார். என் மனைவி கேரியரைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் விடுகிறாள்.

“சீட்டு! சீட்டு!” என்று கத்தினேன்.

நான் அப்படித்தான் கத்தினேன் என்று என் மனைவி இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

முதல் பத்தடி வண்டி ஆடியது. பிறகு நேராகிவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகி, முதுகை நிமிர்த்தி, குழாயடியில் நின்ற குடங்களைச் சுற்றி வளைத்து, தூங்குகிற நாய்க்கு மணி அடித்துவிட்டுப் போனார். அந்த முதுகில் எழுபத்தொன்று தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பதினோரு வருஷமாக இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, சைக்கிள் என்பது எதற்காகச் செய்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தெருவின் பாதியிலிருந்து பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இடையிடையே குச்சி செருகி, அறுந்த இழையை முடிந்து சீராக்குகிற வேலை அது. பாவு நீட்டியிருந்தால் எங்கள் தெருவில் ஆட்டோ சுற்றுவழியில் போகும், வெளியூர்க் கார் ஹாரன் அடித்தால் திட்டு வாங்கும். அன்றைக்கு இருந்தது மூன்று புடவைக்கான பாவு, அரக்குச் சிவப்பு. நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டார். நிதானமாக இரண்டு பிரேக்கையும் பிடித்தார். வண்டி நிற்கவில்லை.

“பாவு! பாவு!” என்று அங்கே இருந்தவர்கள் கத்தினார்கள். நான் சீட்டைச் சொல்லிக் கத்தினேன், அவர்கள் பாவைச் சொல்லிக் கத்தினார்கள். “நர்ஸம்மா!” என்று கத்தியது என் மனைவி ஒருத்திதான்.

அவர் ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடித்து, யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் ஏற்றினார். வண்டியோடு சாய்ந்தார். ஹேண்டில்பாரின் நுனி பாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நாங்கள் ஓடிப் போனபோது மணலில் உட்கார்ந்தபடி, “இழை எதுனா அறுந்துடுச்சாபா?” என்று கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் தன் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். “எலும்பு இல்ல. சவ்வுதான். ஐஸ் கொண்டா,” என்றார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. ‘இந்த வயசுல தேவையா’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அரை மணியில் மகன் காரில் வந்தார். அம்மாவைத் திட்டவில்லை. என்னிடம் வந்து, “மன்னிச்சுக்கோங்க சார். உங்க வண்டியப் போய்…” என்றார். உங்கள் வண்டி என்றார். நான், “பரவால்ல, மட்கார்டு மட்டும்தான் நசுங்கியிருக்குது,” என்றேன்.

நர்ஸம்மா காரில் ஏறி உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு கையாலயும் பிடிச்சேன் தம்பி. கெட்டியாத்தான் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. நிக்கல. கையில பலம் போயிடுச்சு போல இருக்குது. இவன் சொல்றதுதான் சரி.” கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “வண்டி உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். ரப்பர் செத்துப்போச்சு என்று பாய் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இரண்டு வார்த்தை சொன்னால் போதும். “உடம்பைப் பாத்துக்கோங்க நர்ஸம்மா,” என்றேன். கார் போய்விட்டது.

சும்மா இருந்தால் வண்டி எனக்கு, நிரந்தரமாக. வாயைத் திறந்தால் வண்டியும் போகும், மானமும் போகும். குழுவில் விஷயம் பரவி, ‘பழைய வண்டியை வயதானவர்களிடம் கொடுக்கலாமா’ என்று பதினாறு பேர் எழுதினார்கள். நான் கைகூப்புகிற பொம்மையைப் போட்டேன். மூன்று நாள் மரச்சுத்தியால் மட்கார்டை நீவினேன். அந்த மூன்று நாளும் என் மனைவி என்னைக் கிண்டல் செய்யவில்லை. சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், போய்விட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு தண்டனை எனக்குக் கிடைத்ததில்லை.

நான்காம் நாள் அவளே வந்து, கழற்றி வைத்திருந்த பிரேக் கட்டையை எடுத்து எவர்சில்வர் குடத்தின் மேல் தட்டினாள். டொக் டொக் என்றது.

“இது ரப்பரா, கல்லா?”

நான் மட்கார்டை நீவிக்கொண்டே இருந்தேன்.

“கையில பலம் போச்சுன்னு நெனச்சிக்கினு அங்க ஒருத்தவங்க படுத்துக்கினு இருக்காங்க. நீங்க மட்கார்டைத் தடவிக்கினு இருக்கீங்க.”

பாய் கடைக்குப் போனேன். கறுப்பு ரப்பரும், புது டயரும், சாதாரண சீட்டும் கேட்டேன். விஷயம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிண்டல் எதுவும் செய்யாமல் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தார். எங்கள் குழுவின் கண்ணுக்கு அந்த வண்டி அன்றோடு செத்தது.

ஞாயிற்றுக்கிழமை அதில் நானே ஏறி உட்கார்ந்தேன். அவர்கள் வீடு ஓரிக்கை தாண்டி ஒரு புது நகரில். எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முனையிலும் வேண்டுமென்றே வேகமாகப் போய் பிரேக் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் மூக்கு ஹேண்டில்பாரில் இடிக்காத குறையாக நின்றது. ஷேர் ஆட்டோவில் போன ஒரு பெண், “அண்ணா, அக்காகிட்ட சொல்லிட்டுதான் எடுத்தாந்தியா?” என்று கேட்டாள். ஆட்டோவே சிரித்தது. பதில் சொல்ல என்னிடம் காற்று இல்லை.

நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்திருந்தார். மகன் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சிவப்புக் கட்டையை நர்ஸம்மா கையில் கொடுத்து, “நகத்தால கீறிப் பாருங்க,” என்றேன். கீறினார். கோடுகூட விழவில்லை. பிறகு வண்டியை அவர் பக்கத்தில் உருட்டி வந்து, உட்கார்ந்தபடியே பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.

“தள்ளு,” என்றார்.

“தள்றேன்.”

“நல்லாத் தள்ளு.”

“என்னால முடியல நர்ஸம்மா. அசைய மாட்டேங்குது.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். “அன்னிக்கும் உங்க கையில ஒரு கொறையும் இல்ல. செத்துப்போன ரப்பர்னு பாய் சொல்லியும், ஒரிஜினல்ன்றதுக்காக நான்தான் மாட்டினேன். தெரிஞ்சும் ஒரு வாரமா சொல்லாம இருந்தேன். வண்டி எனக்கு வேணும்னு இருந்துட்டேன்.”

அவர் பிரேக்கை விடவில்லை. பிடித்திருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

“படுபாவி,” என்றார். “ஒரு வாரமா சோத்தைப் பெசையும்போதுகூட இந்தக் கையப் பாத்துக்கினு இருந்தேன்டா.”

‘தம்பி’யிலிருந்து ‘டா’வுக்கு இறங்கிவிட்டேன். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

மகன் பேப்பரை மடித்து வைத்தார். “சார், பிரேக் சரியா இருந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.”

“ஏன்டா?” என்று நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பினார். “வயசாச்சுன்னா? ஊரு சிரிக்கும்னா?”

“அதெல்லாம் சும்மா சொன்னது.” அவர் அம்மாவைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்துப் பேசினார். “சின்னப் பையனா இருக்கறப்போ யாராவது வந்து கூப்புட்டா நீ வண்டிய எடுத்துக்கினு போயிடுவ. எங்க போறன்னு சொல்ல மாட்ட. எப்ப வருவன்னு சொல்ல மாட்ட. நீ வர்ற வரைக்கும் நான் வாசல்ல உக்காந்துக்கினு இருப்பேன். சாப்புட மாட்டேன். நீ வந்து கேட்டா, சாப்டுட்டேன்னு சொல்லிடுவேன். மறுபடியும் அந்த மாதிரி உக்கார என்னால முடியாதுமா. எனக்கு பயமா இருக்குது.”

ஊரில் யாருக்கு எப்போது பிரசவ வலி எடுக்கும் என்று சரியாகச் சொல்லக்கூடியவருக்கு, இது புதுச் செய்தி என்று முகத்திலேயே தெரிந்தது.  நழுவிப் போய்விடலாமா என்று பார்த்தேன், ஆனால் அவர் இன்னமும் பிரேக்கைப் பிடித்திருந்தார், நான் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமேடா.”

“சொல்லியிருந்தா போவாம இருந்திருப்பியா?”

யோசித்தார். “போயிருப்பேன்,” என்றார். “ஆனா சொல்லிட்டுப் போயிருப்பேன்.” பிறகு பிரேக்கை விட்டுவிட்டு மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பவும் கேட்டுட்டுப் போவ மாட்டேன். சொல்லிட்டுப் போறேன். எங்க போறேன், எத்தினி மணிக்கு வருவேன், ரெண்டும் சொல்றேன். போதுமா?”

மகன் வாயைத் திறந்தார். ஹெல்மெட் என்று ஆரம்பித்தார். நர்ஸம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கால் சரியாக மூன்று வாரம் ஆனது. அன்றைக்குக் காலையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது மகன் தரையில் உட்கார்ந்து சங்கிலி, பெடல், பிரேக், மணி என்று வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்து மாதத்தில் பார்க்காததை அவர் ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்தார். நர்ஸம்மா புடவையைத் தூக்கிச் செருகி, பையை ஹேண்டில்பாரில் மாட்டினார்.

“மாகறல் ரோட்டுல கீரைக்காரம்மாகிட்ட போறேன். அரை மணி நேரத்துல வந்துடுவேன்,” என்று சத்தமாக, வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார். ஏறினார். முனையில் மணி அடித்துவிட்டுத் திரும்பினார்.

நானும் மகனும் கேட்டுக்கு வெளியே நின்றோம். பத்து நிமிஷம் அவர் தன் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினார், நான் மயிலைப் பற்றிப் பேசினேன். பிறகு பேச்சு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து மருமகள் டிபன் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். இதோ என்றார், போகவில்லை. அரை மணி ஆனது. அவர் போனை எடுத்துப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டார், மறுபடி எடுத்தார். அடிக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஆனது.

“புது ரப்பர்தான்,” என்றேன்.

“தெரியும் சார்,” என்றார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. எனக்கும்தான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இல்லாமல் மறுபக்கத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டது. நர்ஸம்மா வந்துகொண்டிருந்தார். பையில் முளைக்கீரை பிதுங்கிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, கொண்டை பாதி அவிழ்ந்திருந்தது. கேட்டுக்கு முன்னால் பிரேக் பிடித்து, வண்டி நின்ற பிறகு இறங்கினார். மகன் ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டார். நர்ஸம்மா மகனின் முகத்தைப் பார்த்தார்.

“சாப்டியா?” என்று கேட்டார்.

“இல்லமா,” என்றார் மகன்.